சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பத்துக் குஞ்சிலிருந்து வளவை நிரப்பிய வீடுகள் வன்னியில் நிறைய உண்டு. பிள்ளையின் கொப்பிக்கும் காய்ச்சல் மருந்துக்கும் முட்டைக் காசை நம்பியிருக்கும் வீடுகள் அவை. கோழி வாங்கி ஏமாந்ததாக வரும் கடிதங்களும் அந்த வீடுகளிலிருந்துதான் வருகின்றன. அதனால் இம்முறை முழுவதும் கோழிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பட்டா வாகனத்தில் கொண்டுவந்தவர்களிடம் பத்துப் பேடு வாங்கினேன். பத்தொன்பது கிழமைக் கோழி, இரண்டு கிழமையில் முட்டையிடும் என்றார்கள். ஐந்து கிழமை ஆகிவிட்டது. மொத்தம் ஆறு முட்டைதான் கண்டேன். இப்போது இறகும் கொட்டுகிறது. இது என்ன நோய்? (வாசகி, விசுவமடு)

பதில்: நோயாகத் தெரியவில்லை, சகோதரி. உங்களுக்கு விற்றவை வயது போன கோழிகள் என்றே நினைக்கிறேன். பெரிய பண்ணைகள் முட்டைக்கோழியை ஏறத்தாழ 72 முதல் 80 கிழமை வரை வைத்திருந்துவிட்டு, முட்டை குறையத் தொடங்கியதும் மொத்தமாகக் கழித்துவிடும். இறைச்சி விலைக்குப் போகவேண்டிய அந்தக் கோழிகளைச் சிலர் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து, இளம் பேடு என்று சொல்லி விற்கிறார்கள். இடம் மாறினால் உண்மையான இளம் பேடும் இரண்டொரு கிழமை முட்டை பிந்தும். ஆனால் இருபத்து நான்கு கிழமைப் பேடு இப்படிப் பொலபொலவென்று இறகு கொட்டாது. ஒரு வருடத்துக்கு மேல் முட்டையிட்ட கோழிதான் அப்படிக் கொட்டி, புது இறகு முளைக்கும்.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலைக் கட்டி நீட்டும் கோழியை அப்படியே வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளிச்சத்தில் மடியில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் கால் இனமானால் முதலில் காலைப் பார்க்கவேண்டும். முட்டையிடாத பேட்டின் காலும் அலகும் நல்ல மஞ்சளாக இருக்கும். முட்டையிட முட்டையிட அந்த மஞ்சள் முட்டைக் கருவுக்குப் போய்விடுவதால், பல மாதம் இட்ட கோழியின் கால் வெளுத்திருக்கும். ஊர்க்கோழிக்குக் கால் பல நிறமாக இருப்பதால் அதற்கு இந்தக் கணக்குச் சரிவராது. அடுத்தது காற்செதில். இளங்கோழிக்கு அது வழுவழுப்பாக ஒட்டிக்கிடக்கும்; கிழக்கோழிக்குத் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். கூண்டில் நின்ற கோழிக்கு நகம் நீண்டு வளைந்திருக்கும், கழுத்திலும் வயிற்றிலும் இறகு தேய்ந்திருக்கும். பத்தொன்பது கிழமைப் பேட்டின் கொண்டை சிறிதாக, அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கும்.

பிறகு கழிவாயின் இருபுறமும் உள்ள இரண்டு கூர் எலும்புகளை விரலால் தொட்டுப் பாருங்கள். இடைவெளி ஒரு விரல் மட்டுமென்றால் இன்னும் முட்டைக்கு வரவில்லை, அல்லது முட்டையை நிறுத்திவிட்டது. இரண்டு மூன்று விரல் நுழைந்தால் இப்போது முட்டையிடுகிறது. தராசு இருந்தால் நிறுத்துவிடுங்கள். முட்டைக்காக வளர்க்கும் பழுப்பு நிற லேயர்ப் பேடு அந்த வயதில் ஒன்றரைக் கிலோ அளவில் நிற்கும். கழித்த கோழி இரண்டு கிலோவை நெருங்கும். அலகு வெட்டியிருப்பதை வைத்து வயதைச் சொல்லமுடியாது. பண்ணையில் வளர்ந்த இளம் பேட்டுக்கும் அது வெட்டப்பட்டுத்தான் இருக்கும்.

இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். இறகு முளைத்து மறுபடி முட்டைக்கு வர இரண்டு மூன்று மாதம் செல்லலாம். ஒரு கோழி நாளொன்றுக்கு 110 கிராம் தீன் தின்றால், பத்துக் கோழிக்கு 90 நாளில் 99 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை நான்கு. அவ்வளவு போட்டாலும் முதல் வருடத்து முட்டை திரும்பி வராது. ஆகவே தெளிவாக, உசாராக நிற்கும் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதியை இறைச்சிக்கு விற்றுவிடுங்கள். மனம் கேட்காது என்று தெரியும். ஆனாலும் உங்கள் காசு தீன் மூட்டையாகக் கரைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இன்னொரு விடயம். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. இனமும் வயதும் அதில் எழுதப்பட்டிருந்தால் அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்ய உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும். எழுத மறுக்கிறவரிடம் வாங்கவேண்டாம். வாகன இலக்கத்தையாவது குறித்துவையுங்கள்.

கேள்வி: சந்தையில் ஊர்க்கோழி முட்டை என்று கூடுதல் விலை கொடுத்துப் பன்னிரண்டு முட்டை வாங்கி அடை வைத்தேன். 21 நாள் கடந்தும் ஒன்றும் பொரிக்கவில்லை. எல்லாம் கூழ்முட்டை. அடைக்கோழியில் பிழையா? (வாசகர், மல்லாவி)

பதில்: அந்தக் கோழி பாவம், மூன்று கிழமை பட்டினி கிடந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. நீங்கள் எழுதிய நிறத்தையும் பருமனையும் பார்த்தால் அவை பண்ணையில் வளர்க்கும் பழுப்பு லேயர்க் கோழியின் முட்டைகள். முட்டைப் பண்ணையில் சேவல் விடுவதில்லை. சேவல் சேராத முட்டையை எந்தக் கோழியின் அடியில் வைத்தாலும் பொரிக்காது.

ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, அவ்வளவுதான். பழுப்பு என்பதால் சத்தும் கூடாது, ஊர் முட்டையும் ஆகாது. ஊர்க்கோழி முட்டை பெரும்பாலும் சிறியது, 40 முதல் 45 கிராம் வரை இருக்கும். ஒரு தட்டு முட்டையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே நிறமாகவும் ஒரே பருமனாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஐந்தாறு வீட்டில் சேர்த்த ஊர் முட்டை அப்படி இருக்காது, வெள்ளையும் மங்கலும் பழுப்பும் கலந்திருக்கும்.

அடை வைக்கும் முட்டையைச் சந்தையில் தேடாமல், சேவல் ஓடித்திரிகிற ஒரு வளவில் கேட்டு வாங்குங்கள். இட்டு ஒரு கிழமைக்கு மேற்படாததாக இருக்கட்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை எடுக்கவேண்டாம். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு கட்டியதில் சிலந்தி வலைபோல் இரத்த நாளம் தெரியும். வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். அன்றே பார்த்திருந்தால் கோழிக்கு இரண்டு கிழமை மிஞ்சியிருக்கும்.

கேள்வி: பழுப்பு முட்டையிடும் இனத்தின் பேட்டுக் குஞ்சு என்று மஞ்சள் குஞ்சு முப்பது மலிவாக வாங்கினேன். இப்போது எல்லாம் கூவுகின்றன. (வாசகர், வவுனியா)

பதில்: அந்த இனங்களில் பொரித்த அன்றே நிறத்தால் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவார்கள். பேடு செம்பழுப்பாகவும் சேவல் வெளிர்மஞ்சளாகவும் இருக்கும். உங்களுக்குக் கிடைத்தது பொரிப்பகம் வேண்டாமென்று ஒதுக்கிய சேவல்கள். மஞ்சள் குஞ்சு எல்லாமே சேவல் என்று நான் சொல்லவில்லை, இறைச்சிக்கு வளர்க்கும் புரொய்லர்க் குஞ்சும் மஞ்சள்தான். பழுப்பு லேயர் என்று சொல்லிக்கொண்டு மஞ்சளை எண்ணித் தந்தால் மட்டும் கையை மடக்கிவிடுங்கள். திருவிழாவில் பச்சையும் றோசாவுமாகச் சாயம் பூசி விற்பவையும் பெரும்பாலும் இதே சேவல்கள்தான்.

கேள்வி: கார்த்திகையில் ஒருநாள் வயதுக் குஞ்சு 25 வாங்கினேன். மின்குமிழ் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஐந்து நாளில் பதினெட்டு செத்துவிட்டது. கடைக்காரர் நோய்க்குஞ்சு தந்துவிட்டார் என்று நினைக்கிறேன். (வாசகி, நெடுங்கேணி)

பதில்: உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: மின்கட்டணம் குறைய எல்.ஈ.டி. குமிழ் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான் என்பது என் எண்ணம். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. தாயில்லாத குஞ்சுக்கு முதற் கிழமை 35 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைத்துவரலாம். மாரி மழையோடு வாடை வீசும் இரவில் நம் ஊர்க் கொட்டிலுக்குள் அந்தச் சூடு தானாக வராது. கம்பி எரியும் பழைய மஞ்சள் குமிழைத் தேடி வாங்குங்கள். உங்கள் அளவுக்கு 60 அல்லது 100 வாட்ஸ் குமிழ் ஒன்று போதும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். குமிழின் அடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர்கிறது, குமிழைத் தாழ்த்தவேண்டும். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு கூடிவிட்டது. பரவலாகப் படுத்துக் கிடந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். பெட்டியில் மூலை இருந்தால் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும், ஆகவே மட்டை அல்லது தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். கீழே உமி, முதல் இரண்டு நாளும் அதன்மேல் கடதாசி. மின்சாரம் நின்றால் கரிச்சட்டி வைக்கிறோம் என்று சிலர் எழுதுகிறார்கள். மூடிய கொட்டிலில் அதன் நச்சுவாயு குஞ்சைக் கொல்லும், மனிதரையும் கொல்லும். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள்.

கடைக்காரரிடம் கேட்கவேண்டியவை இருக்கத்தான் செய்கின்றன. பொரித்த திகதி என்ன, எந்தத் தடுப்பூசி போட்டது, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கருவால் குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனில்லாமல் தாங்கும். அதைத் தாண்டிக் கடையில் பட்டினி கிடந்த குஞ்சு வீட்டுக்கு வந்து சாகும். தொப்புள் மூடியிருக்கிறதா, பின்பக்கம் கழிச்சல் ஒட்டாமல் இருக்கிறதா, முதுகில் கிடத்தினால் துள்ளி எழும்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தீனும் குஞ்சுத் தீனாகவே இருக்கட்டும். மிஞ்சிய லேயர்த் தீனைப் போட்டுவிடாதீர்கள். அதில் ஓட்டுக்காகச் சேர்த்த கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கேள்வி: என்னிடம் மூன்று ஊர்க்கோழி இருக்கிறது. குஞ்சு பொரிக்கும் இயந்திரம் வாங்கலாமா? (வாசகர், துணுக்காய்)

பதில்: வேண்டாம். ஊர்க்கோழி ஒரு தடவைக்கு ஏறத்தாழப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடைக்கு வந்துவிடும். மூன்று கோழியும் தத்தம் முட்டையைத் தாமே பொரித்து, கறையான் கிளறக் காட்டி, பருந்துக்கு மறைத்து வளர்த்தும் தரும். இயந்திரத்துக்கு 37.5 பாகைச் சூடு 21 நாளும் நிலையாக நிற்கவேண்டும். மின்சாரம் ஓர் இரவு முழுவதும் நின்றாலே ஒரு தட்டு முட்டையும் பாழாகலாம். இருபது பேடு சேர்ந்த பிறகு எழுதுங்கள், எதை வாங்குவது என்று அப்போது பார்க்கலாம்.

கேள்வி: அயல் கிராமத்தில் நல்ல கோழிகளை அரைவிலைக்குக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: ஏன் அரைவிலை என்று முதலில் விசாரியுங்கள், அம்மா. ஊரில் கோழிகள் தூங்கி விழுந்து, பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகிச் சாகத் தொடங்கினால் மிச்சத்தை விற்றுவிடத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அது ராணிக்கெட் நோயாக இருந்தால், நீங்கள் வாங்கும் கோழி இன்று தெளிவாக நின்றாலும் நாளை உங்கள் வளவையே வெறுமையாக்கிவிடும். நோய் வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. முன்கூட்டியே போடும் தடுப்பு மருந்து மட்டும்தான் வழி. எங்கிருந்து புதுக்கோழி வாங்கினாலும் இரண்டு மூன்று கிழமை வேறு கூட்டில், வேறு தண்ணீர்ப் பாத்திரத்தோடு வையுங்கள்.

தடுப்பு மருந்துக்கு உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் போதும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடவேண்டும். எட்டுக் கோழிக்காக ஒரு குப்பி உடைப்பது வீண் என்று விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் போடாமலே போகிறது. உங்கள் ஒழுங்கையில் இருக்கும் வீடுகளைச் சேர்த்து ஒரு நாளைக் குறியுங்கள். கோழி கூட்டை விட்டு இறங்க முன், விடியற்புறத்தில் தொடங்கினால் வெயில் ஏற முன் முடித்துவிடலாம். மருந்தை எடுக்கப் போகும்போது பனிக்கட்டி போட்ட ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வந்த மருந்து வேலை செய்யாது.