குவார்ட்ஸா கிரானைட்டா: சூடான குவாலி இறங்கும் குசினிக்கு எந்தக் கல்?

செந்தூலில் பழைய தெரஸ் வீடு வாங்கி, பின்பக்கக் குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டப் போகிறீர்கள். மனைவிக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் மேல் ஆசை, அம்மா கறுப்பு கிரானைட்தான் வேண்டும் என்கிறார். இருபது வருடம் தாங்கும் டேபிள் டாப் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா சொல்வதைக் கேளுங்கள். நானும் அந்த வெள்ளைக்கு ஆசைப்பட்டுக் காசு கொடுத்தவள்தான். மூன்றே வருடத்தில் அது வெடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அம்மா உங்களோடு இருக்கிறார், அவரும் சமைக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். சமைக்காதவர் கல்லைப் பற்றி இவ்வளவு பிடிவாதம் பிடிக்க மாட்டார். அப்படியென்றால் உங்கள் குசினியில் புளி கரைப்பார்கள், மீனுக்கு மஞ்சள் தடவுவார்கள், சம்பல் இடிப்பார்கள், குவாலிச் சட்டியை இறக்கிக் கைக்கு எட்டிய இடத்தில் வைப்பார்கள். அமிலம், கறை, அடி, சூடு. நான்கையும் ஒரே கல் தாங்க வேண்டும். ஷோரூமில் கல்லைப் பார்க்கும்போது இதில் ஒன்றுமே நம் நினைவுக்கு வருவதில்லை. அங்கே விளக்கு வெளிச்சம்தான் கண்ணில் படும்.

நான் பினாங்கில், கெலுகோரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்கிறேன். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அடுப்பு அணையாது. அப்படிப்பட்டவள் ஏன் வெள்ளைக் கல் போட்டாள் என்று கேட்பீர்கள். அதற்கு வாடகை வீட்டுக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

சொந்த வீடு வாங்கும் முன் பாயான் பாருவில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். அந்த வீடு கிடைப்பதற்கே நான்கு மாதம் அலைந்தோம். போனில் பேசும்போது வீடு காலியாக இருக்கும், பெயரைச் சொன்னதும் ஆள் வந்துவிட்டதாகச் சொல்வார்கள். சில விளம்பரங்களில் இன்ன இனத்தார் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும், சிலவற்றில் 'லைட் குக்கிங்' மட்டும் என்று இருக்கும். அது யாருக்காக எழுதியது என்று நமக்குத் தெரியாதா? கடைசியில் ஒருவர் வீடு கொடுத்தார். ஐந்து வருடம் ஒரு மாத வாடகைகூடத் தாமதித்ததில்லை. காலி செய்யும் நாளில் அவர் நேராகக் குசினிக்குப் போனார். சிங்க் பக்கத்து வெள்ளை லேமினேட்டில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை. அதைக் காட்டி இரண்டு மாத டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பணத்தை விடுங்கள். "உங்க சமையல் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னார், அது இன்னும் ஆறவில்லை. என் அம்மாவின் சமையலைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அதை அழுக்கு என்று ஒருவர் சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2015-ல் சொந்த வீட்டுக்கு வந்ததும், வெள்ளைக் குசினி வைத்து, அதை வெள்ளையாகவே வைத்திருந்து காட்ட வேண்டும் என்ற வைராக்கியம் வந்துவிட்டது. என் கணவர் கிரானைட் போதும் என்றார், நான் கேட்கவில்லை. ஓர் அடிக்கு 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, சாம்பல் நிற நரம்போடிய வெள்ளைக் குவார்ட்ஸ் போட்டேன். முதல் வருடம் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழகுக்கு நான் காவல் இருந்தேன். மஞ்சள்தூள் சிந்தினால் ஓடி வந்து துடைப்பேன். சட்டிக்கு அடியில் பிரிமணை வைக்கச் சொல்லி வீட்டில் எல்லோரையும் விரட்டுவேன்.

2018 தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும். கடைசி ஆர்டர் முறுக்கு. நான் வாசலில் ஆளுக்கு டப்பா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. எண்ணெய் புகைய ஆரம்பித்ததும், எரிகிற அடுப்பிலிருந்து குவாலியை இறக்கி, ஹாப்பின் (கல்லில் பதித்த அடுப்பின்) வலப்பக்கம் கல் மேல் வைத்துவிட்டார். பிரிமணை சிங்கில் கிடந்தது. நான் உள்ளே வந்து குவாலியைத் தூக்கினேன். அடியில் வட்டமாகப் பழுப்பு படர்ந்திருந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், விரல் சொடுக்கினால் கேட்குமே, அவ்வளவுதான். ஹாப்புக்காக வெட்டிய துளையின் மூலையிலிருந்து கல்லின் முன் ஓரம் வரை, மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. நகத்தை வைத்தால் தட்டியது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஈரத்துணி எடுத்து வந்து அந்தக் கோட்டைத் துடைத்தார், அழுக்கு என்று நினைத்து. போகவில்லை என்றதும் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அடுப்புப் பக்கம் வரவே தயங்கினார், டீ போடக்கூட என்னைக் கூப்பிட்டார். தோட்டத்து லயத்தில் விறகடுப்பில் ஆறு பேருக்குச் சமைத்துப் போட்டவர், மகள் வீட்டுக் கல்லுக்குப் பயந்து நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் அம்மா கிரானைட் கேட்கிறார் என்று படித்ததும் இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

பிரிமணை வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், ஆகியிருக்காது. மூன்று வருடம் வைத்தோம், ஒரு நாள் தவறியது. இருபது வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறாத குசினி உங்களுடையது என்றால் தாராளமாகக் குவார்ட்ஸ் போடுங்கள். கொன்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, சூட்டினால் வந்த வெடிப்புக்கு உத்தரவாதம் கிடையாது என்று போய்விட்டார். உத்தரவாதத் தாளில் அது உண்மையிலேயே இருந்தது, நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் படியுங்கள்.

அப்புறம்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். கடையில் குவார்ட்ஸ் என்று விற்பது மலையில் வெட்டிய கல் அல்ல. குவார்ட்ஸ் தூளும் துகளும் சுமார் 90 சதவீதம், மீதி பாலியெஸ்டர் பிசின், இரண்டையும் கலந்து அழுத்தி வார்த்த பலகை. துகளுக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை, பிசினுக்குத்தான் ஆகாது. 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது நிறம் மாற ஆரம்பிக்கும். முறுக்கு பொரிக்கும் எண்ணெயே 180 டிகிரி, குவாலியின் அடிப்பாகம் அதற்கும் மேல். ஓரிடம் மட்டும் சூடாகி விரியும்போது பக்கத்துக் கல் விரியாது, இழுபறியில் பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கும். எங்கள் கல்லில் அந்த இடம் ஹாப் துளையின் மூலை. அதைச் சரியான சதுரமாக வெட்டியிருந்தார்கள். கூர்மையான உள்மூலையில்தான் வெடிப்பு பிடிக்கும், மூலையை வளைவாக வெட்டச் சொல்ல வேண்டும். எந்தக் கல் போட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

வெடித்த இடத்தில் பசை ஊற்றி மூடி இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டினோம். 2020 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் மூன்று வேளையும் வீட்டுச் சமையல் என்றானபோது, பசைக் கோடு மஞ்சளைக் குடித்துக் குடித்து ஆரஞ்சு நிறமானது. மஞ்சள் கறை துணியில் பட்டால் வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். வெயில் எட்டாத குசினி மூலையில் அப்படியே நின்றது. 2021-ல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கறுப்பு கிரானைட் போட்டோம்.

அன்று அம்மா சொன்னதுதான் எனக்கு எல்லா விளக்கத்தையும்விடப் பெரிது. சுங்கை பட்டாணியிலிருந்து கொண்டு வந்த அவருடைய கல் உரலான லெசோங்கைத் தூக்கிப் புதுக் கல் மேல் வைத்தார். நாற்பது வருடமாக அதில் மிளகாய், பிளாச்சான் (இறால் விழுது), புளி, உப்பு எல்லாம் இடித்திருக்கிறார். உட்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, ஆனால் கறை இல்லை, விரிசல் இல்லை. "இதுவும் அந்தக் கல்லுதானே, நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்போது சொல்லியிருக்கவில்லை, நானும் மறுத்துப் பேசவில்லை.

கிரானைட் பூமிக்குள் உருகிய பாறை இறுகி உண்டானது. குவாலிச் சூடு அதற்கு ஒரு விஷயமே இல்லை. எங்கள் பினாங்குத் தீவே பெரும்பாலும் கிரானைட்தான், கொடிமலை முழுக்க அந்தப் பாறை. உங்கள் ஊர்ப் பத்துமலை வேறு சாதி, சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீரில் இருக்கும் லேசான அமிலமே அதைக் கரைத்துக் குகை குடைந்திருக்கிறது. மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட்தான். அதன் மேல் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் பளபளப்பு போய் வெளிறிய தடம் விழும், துடைத்தால் போகாது. யாராவது மார்பிள் சிபாரிசு செய்தால் பத்துமலையைக் காட்டுங்கள்.

கிரானைட்டிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். வெளிர் நிறக் கிரானைட்டில் நுண்துளை அதிகம், எண்ணெய் இறங்கிவிடும், துளையை அடைக்கும் சீலர் தடவ வேண்டும். கறுப்பில் துளை குறைவு, ஆனால் விரல் தடமும் எண்ணெய்ப் பூச்சும் பளிச்சென்று தெரியும். கடையில் கறுப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் கேப்ரோ, டோலரைட் வகைப் பாறை, புவியியல் படித்தவர்கள் அதைக் கிரானைட் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உழைப்பில் குறைவில்லை. பொன் புள்ளிகள் மின்னும் 'பிளாக் கேலக்ஸி' ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் வெட்டுவது, நான் போட்டிருப்பது அதுதான். தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒருமுறை நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிடம் பார்ப்பேன். கல் நனைந்து இருண்டால் சீலர் தடவ நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இதுவரை ஒருமுறைதான் தடவியிருக்கிறேன்.

மற்றவை எல்லாம் சுருக்கமாக. சாலிட் சர்ஃபேஸ் அக்ரிலிக் கலவை, கீறினால் தேய்த்துச் சரிசெய்யலாம், சூடு ஆகவே ஆகாது. லேமினேட்டுக்கு அடியில் இருப்பது சிப்போர்டு, சிங்க் பக்கம் தண்ணீர் புகுந்தால் உப்பிவிடும். சின்டர்ட் ஸ்டோன், அதாவது கனிமப் பொடியை அழுத்திச் சுட்ட பலகை, சூட்டுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் ஓரம் சட்டி பட்டால் சில்லு பெயரும், வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும். கொன்கிரீட் ஸ்லாப் மேல் ஓடு பதித்த பழைய பாணி நன்றாகத்தான் உழைக்கும், இடுக்குகள்தான் கறுத்துப்போகும்.

குவார்ட்ஸ் போட்டு நன்றாக வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். என் தங்கை வீட்டில் எட்டு வருடமாக அப்படியே இருக்கிறது. அவளுக்கு இரண்டு குசினி. முன்னால் உள்ளதில் குவார்ட்ஸ், அங்கே ரொட்டி வாட்டுவதும் காப்பி கலக்குவதும்தான். பொரிப்பது, இடிப்பது எல்லாம் பின்னால் வெட் கிச்சனில் கிரானைட் மேல். உங்களுக்கு இடம் இருந்தால் மனைவிக்கும் அம்மாவுக்கும் இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம்.

இன்னொன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2015-ல் எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு பங்களாதேஷ் தம்பி கிரைண்டரால் ஹாப் துளையை வெட்டினார். தண்ணீர் விடவில்லை, முகத்தில் கைலித் துணி மட்டும். புருவம் முழுக்க வெள்ளையாக அரைமணி நேரம் நின்றார். நான் அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன், வேறொன்றும் தெரியவில்லை. அந்தத் தூசி சிலிக்கா. நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. செயற்கைக் குவார்ட்ஸில் சிலிக்கா மிக அதிகம் என்பதால் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தப் பலகைகளையே தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, குறைவு, ஆனால் உண்டு. அளவெடுத்துப் பட்டறையில் தண்ணீர் விட்டு வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். 2021-ல் நான் அப்படித்தான் செய்தேன்.

விலை பேசும்போது அடிக்கணக்கில் சொல்வார்கள். ஹாப் துளை, சிங்க் துளை, ஓரம் தேய்ப்பது, பின்சுவர்ப் பட்டை எல்லாம் அதில் சேருமா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஓரம் 40 மில்லிமீட்டர் தடிமனாகத் தெரிந்தால் அடியில் பட்டை ஒட்டியிருக்கலாம், நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். லெசோங்கில் இடிப்பதைக் கேபினெட்டின் நடுவில் வைத்து இடிக்க வேண்டாம். பக்கப் பலகை நிற்கும் இடத்துக்கு மேலே, மடித்த துணி போட்டு இடிக்கச் சொல்லுங்கள்.

கடையில் இரண்டு கல்லிலும் ஒவ்வொரு துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள். கறுப்புத் துண்டை நகப்பூச்சு அழிக்கும் திரவம் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுத்தால் சாயம் பூசிய கல், அந்தக் கடையே வேண்டாம். அப்புறம் இரண்டின் மேலும் மஞ்சள், புளி, எண்ணெய் குழைத்து வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கழுவிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய குவாலியை ஒவ்வொன்றின் மேலும் ஐந்து நிமிடம் வையுங்கள். சின்னத் துண்டு என்பதால் குவார்ட்ஸ் வெடிக்காமல் போகலாம், நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். குவாலியை அம்மாவே வைக்கட்டும், மனைவியும் பக்கத்தில் நிற்கட்டும்.