பண்ணைக்கு மேலே ஒரு சுற்று: 500 அடி போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் விமானப் பயிற்சி எடுக்கிறேன். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் 80 மணி நேரம் பறந்திருக்கிறேன். சீனியர் ஒருவர், "நண்பரின் பண்ணைக்கு மேலே தாழப் பறந்து, சட்டென்று மேலே ஏற்றித் திருப்பலாம், வா" என்கிறார். 500 அடி இருந்தால் போதாதா?

பதில்: போதாது. தயவுசெய்து போகாதீர்கள்.

அந்தச் சுற்று எப்படிப் போகும் என்று பாருங்கள். நண்பர் கீழே கையசைக்கிறார். உங்கள் கண் அவர் மேலேயே இருக்கிறது, வேகமானியில் இல்லை. விமானத்தின் மூக்கைத் தூக்கியாயிற்று, இடப்பக்கம் சாய்த்தாயிற்று. அவர் பார்வையிலிருந்து நழுவுகிறாரே என்று இன்னும் கொஞ்சம் சாய்க்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் இழுக்கிறீர்கள். நேராகப் பறக்கும்போது 172-ன் வேகம் சுமார் 50 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) அளவுக்குக் குறைந்தால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் விசையை இழக்கும். 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் இறக்கை மேல் சுமை இரண்டு மடங்கு. ஸ்டால் ஆகும் வேகம் சுமார் 70 நாட் அளவுக்கு ஏறிவிடும். அந்த நேரத்தில் ரடரும் (வாலில் உள்ள சுக்கான்) சரியாக இல்லையென்றால் ஒரு பக்க இறக்கை முதலில் விழும். விமானம் சுழன்றபடி கீழே விழும். அதுதான் ஸ்பின்.

ஒரே ஒரு சுற்று ஸ்பின் ஆகி மீள்வதற்கே சுமார் 1,000 அடி வேண்டும் என்கிறது செஸ்னாவின் கையேடு. உங்களிடம் இருப்பது அதில் பாதி. தரை கண்ணாடி முழுக்க நிறையும்போது கை தானாகக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுக்கும். மீள்வதற்கோ முன்னால் தள்ள வேண்டும். நல்ல உயரத்தில் பலமுறை பழகாதவருக்கு அது வராது.

சாகச விமானம் என்றாலும் கதை இதுதான். 1980 ஜூன் 23 அன்று டெல்லியில் சஞ்சய் காந்தியும் கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் இறந்தது பிட்ஸ் எஸ்-2ஏ விமானத்தில். சாகசத்துக்கென்றே செய்த விமானம்தான் அது. தாழ்வாக வித்தை செய்தபோது, மீள்வதற்கு உயரம்தான் இல்லாமல் போனது.

சட்டமும் சொல்கிறது: அமெரிக்காவில் 1,500 அடிக்குக் கீழே சாகசம் கூடாது. 172-ல் லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (பக்கவாட்டில் உருளுதல்) போட எந்த உயரத்திலும் அனுமதி இல்லை.

ஆசை இருந்தால் சாகசப் பயிற்சி தரும் பள்ளியில் சேருங்கள். டெக்கத்லான் மாதிரி சாகசத்துக்கு ஏற்ற விமானத்தில், பாராசூட் கட்டிக்கொண்டு, பக்கத்தில் பயிற்சியாளரோடு கற்றுக்கொள்ளலாம். சீனியரிடம் மறுப்பைத் தரையிலேயே சொல்லிவிடுங்கள். மேலே போன பிறகு வாய் வராது. அப்புறம், பண்ணையைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் 2,000 அடியிலிருந்து நேராகப் பறந்தபடி பாருங்கள். நன்றாகவே தெரியும்.