உறைபனிக்கு முன் தோட்டத்தில் என்ன செய்வது? – கேள்வி பதில்

குளிர் கடுமையாக இருக்கும் இடங்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, டாலியா இன்னும் பூத்துக்கொண்டே இருக்கிறது. குளிர் வருவதற்குள் கிழங்கைத் தோண்டி எடுத்துவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள், பூக்கட்டும். பகல் சுருங்கச் சுருங்கத்தான் டாலியாவின் கிழங்கு பருக்கும். இப்போதே தோண்டினால் மெலிந்த கிழங்குதான் கிடைக்கும், அது வசந்தம் வருவதற்குள் சுருங்கிவிடும். முதல் உறைபனி இலைகளைக் கருக்கிய பிறகு மண்வெட்டியை எடுத்தால் போதும். ஆனால் ஒரு வேலையை இன்றே செய்யுங்கள்: ஒவ்வொரு செடியிலும் பூவின் நிறத்தை எழுதிச் சீட்டுக் கட்டுங்கள். இலை கருகிவிட்டால் எது சிவப்பு, எது வெள்ளை என்று யாராலும் சொல்ல முடியாது.

தண்டை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். செடியிலிருந்து ஓரடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, மொத்தமாகத் தூக்குங்கள். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் முளை கிளம்பும் கண் இருக்கும். டாலியாவுக்குத் தண்டின் அடியில், கிழங்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும்தான். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. தண்டுக்குள் வெற்றிடம் இருப்பதால் தண்ணீர் தேங்கி அழுகும். அதனால் சில நாள் தலைகீழாக வைத்து உலர்த்துங்கள். பிறகு லேசான ஈரமுள்ள தேங்காய்நார்த் தூளிலோ மரத்தூளிலோ புதைத்து, 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சுருங்கியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், அழுகியதை வெட்டி எறியுங்கள்.

என் சாமந்தி செழிப்பாக வளர்ந்திருக்கிறது, ஆனால் ஒரு மொட்டுகூட இல்லை. உரம் போதவில்லையா?

செடி இருக்கும் இடத்தில் இரவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இலை செழிப்பாக இருக்கும்போது நான் முதலில் சந்தேகப்படுவது தெருவிளக்கைத்தான். சாமந்தி நீண்ட, இடையறாத இருட்டைக் கண்டால்தான் மொட்டு வைக்கும். கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920-இல் புகையிலையையும் சோயாவையும் வைத்து, பூப்பதற்கும் பகலின் நீளத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினார்கள். சாமந்தியும் அதே ரகம்தான். சன்னல் வெளிச்சமோ வாசல் விளக்கோ பட்டால், அதற்கு இன்னும் கோடை முடியவில்லை. தொட்டியில் இருந்தால் இரவில் இருட்டான பக்கம் நகர்த்துங்கள். ஆனால் இருட்டு கிடைக்கத் தொடங்கியதிலிருந்து பூ விரிய பெரும்பாலான வகைகளுக்கு ஏழு முதல் பத்து வாரம் ஆகும். உறைபனி நெருங்கிவிட்டதென்றால் இந்த வருடம் நடக்காது.

கடையில் பூத்த நிலையில் வாங்கிய சாமந்தியைத் தரையில் வைத்தால் அடுத்த வருடம் வருமா?

பெரும்பாலும் வராது. சத்தெல்லாம் பூவுக்குப் போய்விடும், வேர் பிடிக்க நேரமில்லை. பூ இருக்கும்வரை ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். முயன்று பார்க்கத்தான் வேண்டும் என்றால், காய்ந்த தண்டை வசந்தம் வரை வெட்டாதீர்கள். வெட்டாத செடிதான் அதிகம் பிழைக்கிறது.

நாளை இரவு உறைபனி என்கிறார்கள். எதை மூடலாம், எதை விடலாம்?

மேகமும் காற்றும் இல்லாத இரவுதான் ஆபத்து. மண்ணின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். பொழுது சாய்வதற்குள் பழைய போர்வையைத் தரை தொடும்படி போர்த்துங்கள். செடிக்கு வெப்பம் வருவது மண்ணிலிருந்து. துணியைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் அந்த வெப்பம் உள்ளே வராது. பிளாஸ்டிக் தாளால் மூடினால், அது இலையைத் தொட்ட இடம் கருகும். விடிந்து வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ் எல்லாம் ஒரே இரவில் போய்விடும். எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். பூக்களை மாலையிலேயே பறித்துக் குவளையில் வையுங்கள். பான்சிக்குப் போர்வை தேவையில்லை, லேசான உறைபனியைத் தாங்கிவிடும்.

பக்கத்து வீட்டில் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தமாக்கிவிட்டார்கள். என் தோட்டம் காடு மாதிரி இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. சூரியகாந்தி, எக்கினேசியா விதைத்தலைகளைக் குளிர்காலம் முழுக்கப் பறவைகள் கொத்தித் தின்னும். உள்ளீடற்ற தண்டுகளில் சில தனித்தேனீக்கள் குளிரைக் கழிக்கும். இலைச்சருகைப் புல்வெளியில் மட்டும் விடாதீர்கள். செடிகளின் அடியில் குவித்தால் அதுவே மூடாக்கு. சுத்தம் செய்தே ஆக வேண்டியது நோய் பிடித்ததை. ரோஜாவில் கரும்புள்ளி விழுந்த இலையை ஒன்றுவிடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். வீட்டு மட்குக் குழியில் போடாதீர்கள், அந்தச் சூடு பூஞ்சையைக் கொல்லப் போதாது.

ரோஜாவை இப்போதே கவாத்து செய்யலாமா?

கூடாது. வெட்டினால் புதுத்தளிர் கிளம்பும், உறைபனி அதைத்தான் முதலில் கொல்லும். உரமும் வேண்டாம். காற்றில் ஆடி முறியக்கூடிய நீளக் கிளையை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம்.

தொட்டி மல்லிகையை எப்போது வீட்டுக்குள் எடுப்பது, அக்கா?

இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குமுன். இலையின் அடிப்பக்கம் வெள்ளை ஈ, சிலந்திப்பேன் இருக்கிறதா பார்த்துக் கழுவிவிட்டு, வெளிச்சமான சன்னலோரம் வையுங்கள். இலை கொஞ்சம் உதிர்ந்தால் பயந்துபோய் தண்ணீரை ஊற்றாதீர்கள். குளிர்காலத்தில் மல்லிகை சாவது பெரும்பாலும் அப்படித்தான்.

எல்லாம் முடிந்த தோட்டத்தைப் பார்க்கவே மனசு வரவில்லை. இனி நட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது! டூலிப் நட இதுதான் நேரம். மண் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகு, இறுகி உறைவதற்கு முன், கூர்முனை மேலே இருக்கும்படி 15 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் குளிர் பட்டால்தான் சரியாகப் பூக்கும். அணில் தொல்லை இருந்தால் டூலிப் மிஞ்சாது. அங்கே டாஃபடில் நடுங்கள், அதன் கிழங்கு நச்சு என்பதால் அணில் தொடாது. ஆனால் பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும். நட்டு மிஞ்சியதைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.