குட்டி யானைக்குப் பின்னால் மூன்றடி: வாசகர் கேள்வி–பதில்

‘குட்டி யானை’ என்கிற டாடா ஏஸ் போன்ற மினி லாரிகளில் நீளச் சாமான் ஏற்றுவது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புக்குள் ஓட்டுவதற்கென்றே ஒரு டாடா ஏஸ் வைத்திருக்கிறோம். பாடி 7 அடிதான். 12 அடி சவுக்குக் கம்பு, தென்னஞ்சட்டம் ஏற்றினால் 5 அடி வெளியே தொங்குகிறது. வாய்க்கால் தாண்டும்போது துள்ளி விழுகிறது. அமெரிக்க வண்டிகளில் பின்னால் செருகுகிற இரும்புச் சட்டம் மாதிரி இங்கே பட்டறையில் செய்ய முடியுமா? அதில் 20 அடி பிவிசி பைப் ஏற்றலாமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: 12 அடிக்குச் செய்யலாம். 20 அடிக்கு வேண்டாம். செய்தாலும் தோப்பு வேலிக்குள் மட்டும்தான். ரோட்டுக்கு என்ன வழி என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

முதலில் 20 அடி ஏன் ஆகாது என்று பார்ப்போம். சட்டத்தின் குறுக்குக் கட்டை பாடியின் பின்விளிம்பிலிருந்து 3 அடி தள்ளி நிற்கும். அதாவது கேபின் பக்கத் தகட்டிலிருந்து 10 அடி. 20 அடி பைப்பின் நடுப்புள்ளியும் அதே 10 அடியில்தான் விழுகிறது. அப்படியென்றால் மொத்தப் பாரமும் அந்த ஒற்றைக் கட்டையில் உட்காரும், முன்முனை எடையே இல்லாமல் மிதக்கும். ஒரு வரப்பில் ஏறி இறங்கினால் பழைய கிணற்று ஏற்றம் போல முன்னால் தூக்கிக்கொள்ளும். 12 அடிக் கம்பின் நடு 6 அடியில், பாடிக்குள்ளேயே இருக்கிறது. எந்த வண்டியானாலும் சாமானின் நடுப்புள்ளி பாடி விளிம்புக்கு ஓரடியாவது உள்ளே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க பிக்கப்புகளில் டிரெய்லர் இழுப்பதற்காக சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) பின்முனையில் 2 அங்குலச் சதுரக் குழல் ஒன்று இருக்கும். அதில் ஒற்றைத் தண்டைச் செருகி, குறுக்கே பூட்டும் பின் (pin) ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். நம் மினி லாரிகளில் அந்தக் குழல் வருவதில்லை. அதனால் சேசிஸுக்கு அடியில் இரண்டு வெளிப் பைப்புகளைப் பொருத்தி, அவற்றுக்குள் இரண்டு உள் பைப்புகளை இழுத்து நீட்டுகிற அமைப்பே இங்கே பொருந்தும்.

உள் பைப்புக்கு 50×50×3 மி.மீ. ஸ்கொயர் பைப் ஒரு முழு நீளம், 20 அடி, வாங்குங்கள். நீட்டும் தண்டு இரண்டுக்கு 5 அடி வீதம் 10 அடி, குறுக்குக் கட்டைக்கு 4½ அடி, கட்டையைப் பாடித் தரை மட்டத்துக்கு உயர்த்தும் கால்கள் இரண்டுக்கு முக்கால் அடி வீதம் ஒன்றரை அடி, ஓரத்தில் சாமான் உருளாமல் தடுக்கும் முளைகள் இரண்டுக்கு 2 அடி. மொத்தம் 18 அடி. வெளிப் பைப்புக்கு 60×60×3-இல் இரண்டரை அடித் துண்டு இரண்டு. 50×50×6 ஆங்கிள் (L வடிவ இரும்பு) 8 அடி. 12 மி.மீ. யூ போல்ட் நான்கு. பூட்டும் பின்னுக்கு 12 மி.மீ. போல்ட் இரண்டு, தலையில் 8.8 என்று பலத்தின் தர எண் பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றுகிற பகுதி மட்டும் 23 கிலோ வரும். ஒரு ஆள் தூக்கிவிடலாம்.

சேசிஸில் வெல்டு வைக்கவே கூடாது. சூடு பட்ட இடத்தை ஒட்டித்தான் பின்னாளில் விரிசல் ஓடும். சேசிஸின் மேல், கீழ் விளிம்பில் துளை போடுவதும் அதே அளவுக்குக் கெடுதல். ஆங்கிளை இரண்டு நாலடித் துண்டுகளாக வெட்டி, வெளிப் பைப்புகளை வண்டிக்கு வெளியே, பட்டறைத் தரையில் வைத்தே அவற்றோடு வெல்டு செய்யுங்கள். இரண்டு பைப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று முன்னும் பின்னும் டேப் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அதிகமானால் உள் பைப் பாதியில் இறுகி நிற்கும். பிறகு மொத்தத்தையும் தூக்கி, பின் அச்சுக்குப் பின்னால் சேசிஸின் அடியில் வைத்து யூ போல்ட்டால் இறுக்குங்கள். யூ போல்ட் பிடிக்கிற இடத்தில் சேசிஸ் சானலின் உள்ளே இறுக்கமாக ஒரு கருவேலக் கட்டையோ இரும்புத் துண்டோ வைக்க வேண்டும். வைக்காமல் நட்டை முறுக்கினால் சானலின் விளிம்பு உள்ளே மடங்கும். மடங்கிய விளிம்பை நேராக்க முடியாது. பிரேக் பைப்பும் பின் விளக்கு ஒயரும் சேசிஸை ஒட்டித்தான் ஓடுகின்றன. இறுக்குவதற்கு முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஸ்டெப்னியை இறக்க வழி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பூட்டும் துளையை 13 மி.மீ. அளவில், பைப்பின் பக்கவாட்டுச் சுவரில், உயரத்தின் நடுவில் போடுங்கள். மேலிருந்து கீழாகப் போடாதீர்கள். பாரம் ஏறும்போது பைப்பின் மேல்முகம் இழுபடும், கீழ்முகம் நசுங்கும். பக்கச் சுவரின் நடுவில் இரண்டும் இல்லை. துளையைத் தாங்கக்கூடிய ஒரே இடம் அதுதான். பின்னின் கடைசியில் ஸ்பிரிங் கிளிப் கட்டாயம் வேண்டும்.

குறுக்குக் கட்டையின் மேல்பகுதி, திறந்து கிடக்கும் பின் டோரின் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். உயரமாகிவிட்டால் கம்பு முன்முனையிலும் கட்டையிலும் மட்டும் உட்காரும். 12 அடிச் சாமானில் பத்தில் ஆறு பங்கு எடை கட்டைக்கு வந்துவிடும். இந்த அளவு பைப்புக்கு 3 அடி நீட்டிய நிலையில் கட்டையின் மேல் 100 கிலோவைத் தாண்டாதீர்கள். நின்ற நிலையில் அது 3 மி.மீ.தான் வளையும், ஆனால் குழியில் விழுந்தால் அதே 100 கிலோ மூன்று மடங்காக அடிக்கும். ஆக, ஒரு நடைக்கு 12 அடிச் சாமான் 165 கிலோ. பச்சைச் சவுக்கும் பச்சைத் தென்னையும் காய்ந்ததைவிட அதிக எடை இருக்கும் என்பதால் கண்ணளவில் ஏற்றாதீர்கள்.

ஸ்டீயரிங் லேசாவதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏஸின் முன்பின் அச்சு இடைவெளி ஏறத்தாழ 7 அடி. 165 கிலோவின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 2 அடி பின்னால் விழுந்தால் முன்சக்கரங்களிலிருந்து 47 கிலோ குறைந்துபோகும். கேபினை ஒட்டி இரண்டு சிமென்ட் மூட்டை வைத்தால் அது சரியாகிவிடும். வாய்க்கால் மேட்டையும் பாருங்கள். தரையிலிருந்து 2 அடி உயரத்தில், பின்சக்கரத்துக்கு 6 அடி பின்னால் நிற்கும் கட்டை, மூன்றடிக்கு ஓரடி ஏறுகிற கரையிலேயே மண்ணில் இடிக்கும். கரையைச் சரித்துவிட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: கப்பலூர் பக்கம் ஸ்கொயர் பைப் வாங்கி நான்கு வழிச்சாலையில் திருமங்கலம் கொண்டுவர வேண்டும். இப்படி ஒரு சட்டம் போட்டு, சிவப்புத் துணி கட்டினால் போதுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 93, கம்பி போன்ற நீளச் சாமான் பின்னால் ஒரு மீட்டர் வரை நீண்டிருக்க முன்பு இடம் கொடுத்தது. 2014-இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 194(1ஏ) பிரிவு, பாடிக்கு வெளியே நீளும் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதத்தையும், சாமானை இறக்கும் செலவையும் நம் தலையில் வைக்கிறது. கேபினுக்கு மேல் முன்னால் நீட்டுவதும் இதே விதியில் அடிபடும். வண்டியின் அமைப்பைப் பதிவுச் சான்றுக்கு மாறாக மாற்றுவது 52-ஆம் பிரிவில் வரும். ரோட்டுக்கு வரும் வண்டியில் வெளிப் பைப்பை நிரந்தரமாக விடுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் பின்னால் வருகிற இருசக்கர வண்டி. சாயங்கால வெளிச்சத்தில் கம்பியின் முனை ஒரு புள்ளியாகத்தான் தெரியும். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புள்ளியைப் பார்க்காமல் வந்து மோதியவர்கள் உயிரிழந்ததால்தான் அந்த ஒரு மீட்டரையும் எடுத்தார்கள். துணி கட்டினால் அந்த ஆபத்து போய்விடாது.

வழி இருக்கிறது. பாடிக்குள் மூலைக்கு மூலை வைத்தால் ஏஸில் எட்டரை அடி வரை கிடைக்கும். 10 அடிக்கு ஐந்தரை அடி பாடியில் 11 அடிக்குச் சற்று மேல் கிடைக்கும். வேலைக்கு வேண்டிய அளவுகளை எழுதிக் கொடுத்துக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். கேட், கிரில் வேலைக்கு 20 அடி முழுசாக எங்குமே தேவைப்படாது. முறுக்குக் கம்பியை மட்டும் இப்படிக் கண்டபடி வெட்டாதீர்கள். 12 மி.மீ. கம்பியில் ஒவ்வொரு ஒட்டுக்கும் சுமார் 2 அடி மேற்பொருத்தம் போய்விடும். அதற்கு 20 அடி பாடியுள்ள ஐச்சர் ஒன்றை ஒரு நடைக்குப் பிடிப்பதே லாபம்.

கேள்வி: செங்கல் சூளைக்குள் ஓட்டும் வண்டிக்கு இதே போல நீட்டுச் சட்டம் செய்தோம். நீட்டினால் முனை முக்கால் அங்குலம் தொங்குகிறது, கடகடவென்று சத்தம். உள் பைப்பைக் கனமாக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: கனமாக்கினால் தீராது. உள் பைப் வெளிப் பைப்புக்குள் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று அளந்து பாருங்கள், 8 அங்குலத்துக்கு மேல் இருக்காது. 60-க்குள் 50 போனால் மேலும் கீழுமாக 4 மி.மீ. ஆட்டம் இருக்கும். 200 மி.மீ. மட்டும் உள்ளே இருந்தால் அந்த ஆட்டம் 3 அடி தள்ளி 18 மி.மீ. தொங்கலாகத் தெரியும். 2 அடி உள்ளே விட்டால் 6 மி.மீ.தான். பிடியும் அப்படியே. 2 அடி உள்ளே இருக்கும்போது வெளிப் பைப்பின் வாய், முனைப் பாரத்தைப் போல இரண்டரை மடங்கு தாங்குகிறது. 8 அங்குலம் என்றால் ஐந்தரை மடங்கு. வாய்ப்பகுதி விரிந்து, வெல்டு ஓரத்தில் முடி போலக் கோடு தெரிந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள், மேலே வெல்டு பூசி மறைக்காதீர்கள்.

சத்தம் நிற்க, வெளிப் பைப்பின் வாயில் அடிப்பக்கமும், உள் பைப்பின் உள்முனையில் மேற்பக்கமும், ஒன்றரை மி.மீ. தகடு ஒரு அங்குல அகலத்தில் வைத்து ஒட்டுங்கள். பாரம் அழுத்துவது அந்த இரண்டு இடத்தில்தான். ஸ்கொயர் பைப்பின் உள்ளே நீளவாக்கில் ஒரு வெல்டு முகடு ஓடும், அது அந்தப் பக்கம் வராமல் திருப்பி வையுங்கள். 3 மி.மீ. பைப்புக்கு 12 நம்பர் வெல்டிங் ராடு, 70 முதல் 90 ஆம்பியர். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய ராடாக இருந்தால் வெல்டில் ஊசித்துளை விழும், வெயிலில் காய வைத்தால் மட்டும் போதாது, பெட்டியைப் பிரித்த புது ராடு வாங்குங்கள்.

கேள்வி: பிவிசி பைப்பை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அரை மணியில் கயிறு தளர்ந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: நைலான் கயிறு நீளும், வெயிலில் பிவிசி இளகும். இரண்டும் சேர்ந்தால் கட்டு தளரும். இன்னும் இறுக்கினால் பைப் முட்டை வடிவமாகி, பிறகு காலரில் (பைப்புகளை இணைக்கும் வளையம்) ஏறாது. கட்டின் மேல் கயிற்றைப் போட்டு அழுத்துவதை விடுங்கள். கட்டைச் சுற்றி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அதன் பிறகு பாடிக் கொக்கியில் மாட்டுங்கள். பைப் நகரப் பார்த்தால் சுற்றே இறுகும். முன்னால் ஒன்று, பாடி விளிம்பில் ஒன்று, குறுக்குக் கட்டையில் ஒன்று என்று மூன்று இடம். ராட்செட் பெல்ட் என்றால் அடியில் சாக்கை மடித்து வையுங்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

பெரிய பைப்புக்குள் சின்ன பைப்பைச் செருகி ஏற்றும் வழக்கம் உண்டு. இடம் மிச்சம்தான், ஆனால் பிரேக் போட்டால் உள்ளே இருப்பது வழுக்கி முன்னால் பாயும், மேடு ஏறினால் பின்னால் கழன்று விழும். இரண்டு முனையையும் சாக்கால் மூடிக் கட்டிய பிறகே வண்டியை எடுங்கள்.

கேள்வி: போர்வெல் வேலையில் மிஞ்சிய 2 அங்குல ஜிஐ பைப் கிடக்கிறது. ஸ்கொயர் பைப்புக்குப் பதில் அதையே பயன்படுத்தலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: பலம் போதும், ஆனால் உருண்டைப் பைப் குழலுக்குள் சுழலும். நீட்டும் தண்டுக்கு அது ஒத்துவராது. துத்தநாகப் பூச்சோடு வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. அதனால் அந்தப் பழக்கத்தை நம்ப வேண்டாம். வெல்டு வைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் 2 அங்குலம் வரை பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யச் சொல்லுங்கள்.

அந்தப் பைப்பில் நாலடித் துண்டை வெட்டிக் குறுக்குக் கட்டையின் மேல் உருளையாகப் பொருத்தலாம். நீளச் சாமானை ஒரே ஆள் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிடுவார். உருளையின் உயரம் எவ்வளவோ, அந்த அளவுக்குக் கட்டையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். உருளையை நிறுத்த ஓரத்தில் ஒரு பூட்டு போல்ட்டும் வையுங்கள். ஏற்றி முடித்ததும் அதை முறுக்கிவிடாவிட்டால், சாமான் ஏறிய வழியிலேயே இறங்கிவிடும்.