சொத்தைப் பல்லை அடைக்கும் முன்: மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பல் அடைப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மாட்டுங்காவில் இருக்கிறோம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மூன்று கிளினிக்கில் விசாரித்தேன். ஒருவர் 800 ரூபாய் என்றார், இன்னொருவர் 1,800, மூன்றாமவர் ‘நானோ ஃபில்லிங்’ என்று 3,500 கேட்கிறார். ஒரே பல்லுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. 800 ரூபாய்க்காரர் கிளாஸ் அயனோமர் என்ற ஒரு வகை சிமெண்ட்டை வைப்பவராக இருக்கலாம். அது பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடையும் விடும். ஈறு ஓரத்துச் சொத்தைக்கும் குழந்தைகளின் பல்லுக்கும் நல்லது. ஆனால் கடைவாய்ப் பல்லின் மேல்பக்கத்தில், முறுக்கும் சீடையும் கடிக்கிற இடத்தில், சீக்கிரம் தேய்ந்துவிடும். 1,800-ம் 3,500-ம் காம்போசிட்டாக இருக்கும். பல் நிறத்தில் வைத்து, நீல வெளிச்சம் காட்டிக் கெட்டியாக்குவார்களே, அதுதான். ‘நானோ’ என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் பல காம்போசிட்களிலும் நானோ துகள்கள் இருக்கின்றன.

அப்படியானால் எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்? டாக்டர் செலவிடும் நேரத்துக்கு. காம்போசிட் ஈரத்தைத் தாங்காது. சொத்தையைச் சுரண்டியதும் பல்லில் ஆசிட் ஜெல் தடவிக் கழுவி, ஒட்டும் திரவம் பூசி, அப்புறம் காம்போசிட் பசையை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெளிச்சத்தில் இறுக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டு பலவீனமாகிவிடும். மொத்தமாக ஒரே தடவையில் திணித்து லைட் காட்டினால், அதற்கென்றே தயாரித்த பசையாக இல்லாவிட்டால் அடிப்பகுதி சரியாக இறுகாது. இறுகும்போது அந்தப் பசை லேசாகச் சுருங்கவும் செய்யும். அடுக்கடுக்காக வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எச்சில் வராமல் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் ஷீட் மாட்டுகிற டாக்டர் கிடைத்தால் நான் யோசிக்காமல் அவரிடம் போவேன். பஞ்சு வைத்து நிதானமாகச் செய்பவர்களும் நன்றாகவே செய்கிறார்கள். பத்தே நிமிஷத்தில் முடிப்பவரிடம் எந்தப் பசை இருந்தாலும் பிரயோஜனமில்லை.

எத்தனை பக்கம் சொத்தை என்பதும் விலையை மாற்றும். மேல்பக்கம் மட்டும் என்றால் சுலபம். இரண்டு பல்லுக்கு நடுவில் என்றால் சின்ன உலோகப் பட்டை கட்டி, பக்கத்துப் பல்லைத் தொடும்படி வடிவம் கொண்டுவர வேண்டும். அங்கே இடைவெளி விட்டுவிட்டால் ஒவ்வொரு வேளையும் சாப்பாடு சிக்கி ஈறு வீங்கும். எழுந்திருப்பதற்கு முன் ‘ஃப்ளாஸ் விட்டுப் பாருங்கள் டாக்டர்’ என்று கேளுங்கள். பல்லிடுக்கில் விடும் அந்த நூல் லேசாக மாட்டி, டக்கென்று உள்ளே இறங்க வேண்டும். கிழிந்து வரவும் கூடாது. கலர் பேப்பரைக் கடிக்க வைத்து உயரத்தைச் சரிபார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

‘சிமெண்ட் வைத்து அடைக்கிறேன்’ என்று மட்டும் சொன்னால் எந்த வகை என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். கிராம்பு எண்ணெய் வாசனையோடு இருக்கும் தற்காலிக சிமெண்ட்டையும் பலர் அதே பேரில்தான் சொல்கிறார்கள். அது சில வாரங்களுக்கானது. எக்ஸ்ரே, பாலிஷ் எல்லாம் அந்த விலைக்குள் வருமா, சில மாதத்துக்குள் விழுந்தால் திரும்ப இலவசமாக வைப்பார்களா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இதையெல்லாம் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: செம்பூரில் எங்கள் சொசைட்டியில் இலவசப் பல் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். எனக்கு வலியே கிடையாது. ஏழு சொத்தை இருக்கிறது, பேக்கேஜாக எடுத்தால் தள்ளுபடி, இஎம்ஐ வசதியும் உண்டு என்று அன்றைக்கே கையெழுத்துக் கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். வலி இல்லாததால் சொத்தை இல்லை என்று நான் சொல்லவில்லை. வலி வரும்போது சொத்தை ஆழமாகப் போயிருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்து ஏழு ஃபில்லிங் முடிவு செய்யக் கூடாது. பல்லின் பள்ளங்களில் உள்ள கறுப்புக் கோடு டீ, காபிக் கறையாக இருக்கலாம், வருஷக்கணக்கில் அப்படியே நின்றுபோன பழைய சொத்தையாகவும் இருக்கலாம். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு ஆரம்ப நிலை. குழி விழாதவரை ஃப்ளோரைடு பேஸ்ட்டாலும் சாப்பாட்டு மாற்றத்தாலும் அதை நிறுத்த முடியும், திருப்பவும் முடியும். பல்லுக்கு நடுவில் உள்ள சொத்தை கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பற்களைக் கடித்தபடி எடுக்கும் சின்ன எக்ஸ்ரே வேண்டும்.

அந்த முகாம்காரர்களிடம் எந்தெந்தப் பல், எந்தப் பக்கம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் காட்டாமல் வேறொரு டாக்டரிடம் போய்ப் பரிசோதியுங்கள். இரண்டு பேரும் சொல்லும் பற்களை மட்டும் இப்போது அடைத்துக்கொண்டால் போதும். மற்றவற்றை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். தோண்டிய பல் திரும்ப வளராது. ஒரு முறை அடைத்துவிட்டால், வருஷங்கள் கழித்து அதை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக அடைக்க வேண்டிவரும். தேவையில்லாத ஃபில்லிங்கில் பணத்தைவிடப் பல்தான் பெரிய நஷ்டம்.

கேள்வி: தாராவியில் இருக்கும் என் அம்மாவுக்கு இருபது வருஷத்துக்கு முந்தைய வெள்ளி ஃபில்லிங் நான்கு இருக்கிறது. ‘அதில் பாதரசம் இருக்கிறது, விஷம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு செராமிக் வைக்க வேண்டும்’ என்கிறார் புது டாக்டர். பயமாக இருக்கிறது.

பாதரசம் இருப்பது உண்மை. அந்தக் கலவையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. அதற்காக அம்மாவின் பல்லைத் தோண்ட வேண்டியதில்லை. ஓரம் விடாமல், உடையாமல், கீழே புதுச் சொத்தை இல்லாமல் இருந்தால் அப்படியே விடுவதுதான் சரி. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் சொன்னதும் இதுதான்: கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் போன்றவர்களுக்குப் புதிதாக வைப்பதைத் தவிருங்கள், நன்றாக இருக்கும் பழையதை எடுக்காதீர்கள். தோண்டி எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளிவரும். ஃபில்லிங்கைச் சுற்றியுள்ள நல்ல பல் பகுதியும் கொஞ்சம் போகும்.

உலகம் முழுக்க இதைக் குறைத்து வருவதற்குச் சுற்றுச்சூழல் ஒரு முக்கியக் காரணம். பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் ஏற்பட்டது, இந்தியா 2018-ல் அதை உறுதிசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்கவே முடியாத மருத்துவத் தேவை தவிர, வெள்ளி ஃபில்லிங்கை நிறுத்திவிட்டது. ஆகவே புதிதாக அடைப்பதற்கு அம்மா வேறு பொருளைக் கேட்கலாம். பழைய நான்கில் ஏதாவது உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்கிறவரிடம், எந்தப் பல்லில் என்ன கோளாறு என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறு வயசுப் பையனுக்குக் கடைவாயில் சொத்தை. பால் பல்தானே, விழுந்துவிடும், செலவு எதற்கு என்கிறார் மாமியார்.

முன்பல்லாக இருந்தால் மாமியாரின் பேச்சைக் கேட்கலாம். பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியது. அது சீழ் பிடித்தால் பையன் தூக்கத்தை இழப்பான், சாப்பிட மாட்டான். முன்னதாகவே பிடுங்கினால் பின்னால் வரும் பல் இடம் மாறி முளைக்கும். கிளாஸ் அயனோமர் வைத்து அடைத்துவிடுங்கள், செலவு அதிகம் ஆகாது.

கேள்வி: முலுண்டில் ஒரு கிளினிக்கில் மூன்று வாரம் முன்பு 2,000 ரூபாய்க்கு ஃபில்லிங் செய்தேன். வலி நிற்கவில்லை. இப்போது ரூட் கேனல் செய்ய வேண்டும், 7,000 ரூபாய் என்கிறார். ஏமாற்றிவிட்டாரா? புகார் கொடுக்கலாமா?

கோபம் நியாயமானதுதான், ஆனால் முதலில் வலி எப்படிப்பட்டது என்று பாருங்கள். கடிக்கும்போது மட்டும் வலித்தால் ஃபில்லிங் ஒரு மயிரிழை உயரமாக இருக்கலாம். போய்த் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும், அதற்குக் காசு வாங்கக் கூடாது. ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீரென்று வந்து சில நொடியில் போய்விட்டால், சில வாரங்களில் தானே அடங்கக்கூடும். குளிர்ச்சியை எடுத்த பிறகும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் வலி நிற்காமல் இருப்பது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புவது, இவைதான் நரம்பு கெட்டுவிட்டதற்கான அறிகுறிகள். அப்போது ரூட் கேனல், அதாவது கெட்ட நரம்பை எடுத்துவிட்டு வேர்க்குழாயை அடைக்கும் வைத்தியம், தேவைதான்.

ஆழமான சொத்தையில் நரம்பைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் முதலில் அடைப்பது நியாயமான முயற்சி. அது சில சமயம் பலிக்காது. பலிக்காதது தவறான சிகிச்சை ஆகிவிடாது. அன்றைக்கு உங்களிடம் ‘ஆழமாக இருக்கிறது, பிறகு ரூட் கேனல் ஆகலாம்’ என்று சொன்னாரா, எக்ஸ்ரே எடுத்தாரா என்பதுதான் கேள்வி. இரண்டும் இல்லை என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கொடுத்த 2,000-ஐ ரூட் கேனல் கட்டணத்தில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். பழைய, புதிய எக்ஸ்ரே இரண்டையும் வாங்கி வேறொரு டாக்டரிடம், முடிந்தால் ரூட் கேனலில் எம்டிஎஸ் என்ற மேற்படிப்பு படித்தவரிடம், காட்டுங்கள்.

அவரும் வேலை மோசம் என்று சொன்னால், எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே போகலாம். காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள், வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள், பணம் திரும்ப வாங்கும் சின்ன விவகாரங்கள் அங்கேயே முடிவதுண்டு. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் மகாராஷ்டிர மாநில பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். ஜிபே செய்தேன் என்பது மட்டும் போதாது. பல், பொருள், தேதி எழுதிய பில்லாக இருக்க வேண்டும். ரசீது தராதவரிடம் பல்லைக் காட்டாதீர்கள்.

கேள்வி: ஃபில்லிங் பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா? மெடிக்கல் இன்ஷூரன்ஸில் கிடைக்குமா?

சரியில்லை. சொத்தைக்கு வைத்தியம் என்பது மருத்துவ சேவை, அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அழகுக்காக மட்டும் செய்யும் அறுவை சிகிச்சைதான் விலக்கில் வராது. அந்த வரியைத் திரும்பக் கேளுங்கள். இன்ஷூரன்ஸில் பெரும்பாலான பாலிசிகள் விபத்தில் அடிபட்ட பல்லுக்குத்தான் தரும். ஓபிடி கவர் (ஆஸ்பத்திரியில் தங்காமல் செய்துகொள்ளும் வைத்தியத்துக்கானது) தனியாக எடுத்திருந்தால் மட்டும் பாலிசிக் காகிதத்தில் பல் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: சயான் கோலிவாடாவில் இருக்கிறேன், தினக்கூலி. பிரைவேட் கிளினிக்கில் கேட்ட தொகை என்னால் முடியாது. பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். இந்த ஊரில் இரண்டு நல்ல இடம் இருக்கிறது. மும்பை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி, 1933-லிருந்து நடக்கிறது. சிஎஸ்எம்டி பக்கம் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. சயானில் ஏறினால் சிஎஸ்எம்டி நேர் லைன், உங்களுக்கு அதுவே வசதி. கட்டணம் பிரைவேட்டில் கேட்பதில் சின்னப் பங்குதான்.

மாணவர்கள் செய்வார்களே என்று பயப்பட வேண்டாம். பக்கத்தில் பேராசிரியர் நின்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பார். மாணவருக்கு அவசரம் கிடையாது, மதிப்பெண் இருக்கிறது; ஈரம் படாமல் பொறுமையாக வைப்பார். நேரம்தான் அதிகம் பிடிக்கும், ஒரு நாள் கூலி போகலாம். காலையில் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) திறக்கும் முன்பே போய்க் கேஸ் பேப்பர் எடுத்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் போனால் திரும்பி வர வேண்டியிருக்கும். சர்க்கரை, பிரஷர், இதய நோய் இருந்தால் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்த தேதியைக் கேஸ் பேப்பரிலேயே எழுதித் தருவார்கள். தற்காலிக சிமெண்ட் வைத்து அனுப்பினால், வலி நின்றுவிட்டது என்று அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.