முத்திரையா, முனையா?

கேள்வி: பழைய இங்கிலாந்து வெள்ளிக் கரண்டிகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். லண்டனில் செய்த இரண்டு மேசைக்கரண்டிகள் விலைக்கு வந்துள்ளன. ஒன்றில் காம்பின் நுனிப் பக்கம் ஐந்து ஹால்மார்க் முத்திரைகள் பளிச்சென்று இருக்கின்றன. மற்றதில் குழியை ஒட்டி நான்குதான், அதுவும் நசுங்கியிருக்கின்றன. ஆனால் கரண்டி நல்ல கனம். எதை வாங்கலாம்? அப்படியே முள்கரண்டியும் தேடலாமா?

பதில்: நசுங்கிய முத்திரையைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். ஏறத்தாழ 1780 வரை முத்திரையைக் காம்பின் ஒடுங்கிய அடிப்பகுதியில்தான் குத்தினார்கள். அதில் நெளியும் காம்பைத் தட்டானே மறுபடி தட்டிச் சரிசெய்வான். முத்திரையும் சேர்ந்து நசுங்கும். நான்குதான் இருப்பதும் குறையல்ல. ஐந்தாவதான மன்னர் தலை, வரி கட்டியதற்கான அடையாளம். 1784-இல்தான் வந்தது, 1890-இல் நின்றுபோனது. நடக்கும் சிங்க முத்திரை தெரிகிறதா? அப்படியானால் 92.5 சதவீத வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனுக்கு உரியது. 1821 வரை அதற்குக் கிரீடம் உண்டு.

முத்திரை சொல்வது ஜாதகம். உடம்பு எப்படி என்று கரண்டியின் முனைதான் சொல்லும். நான் லென்ஸை எடுப்பதே கடைசியில்தான். முதலில் குழியின் விளிம்பைப் பாருங்கள். தட்டில் உரசி உரசி முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். சிலர் மறுபக்கத்தையும் அராவிச் சமமாக்கி விற்பார்கள். அப்போது குழி குட்டையாகிவிடும். அடுத்து, காம்பின் அகன்ற நுனியில் வாயால் ஊதுங்கள். அழித்த குடும்பச் சின்னம் ஏதும் இருந்தால் அந்த ஆவியில் நிழலாகத் தெரியும். இரு விரலால் பிடித்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மெலிந்திருக்கும். அத்தகையதை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை. உங்கள் கனமான கரண்டி இந்த இரண்டிலும் தேறினால் தயங்காமல் எடுங்கள்.

முள்கரண்டியில் நிதானம் வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு முள்கரண்டிகள் கரண்டிகளைவிட அரிது, விலையும் அதிகம். அதனால் பழைய கரண்டியின் குழியைத் தட்டி முள்ளாக்கியவையும் சந்தையில் இருக்கின்றன. முத்திரை உண்மையானது, முள்தான் பின்னால் வந்தது. வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் அஸ்ஸே அலுவலகத்தின் எழுத்துபூர்வ சம்மதமின்றி இப்படி உருமாற்றுவது இங்கிலாந்தில் 1973 ஹால்மார்க் சட்டப்படி குற்றம். முள்கள் தகடுபோல் மெல்லியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சந்தேகமில்லாத ஒன்றை முதலில் கையில் பிடித்துப் பழகிவிட்டு, பிறகு பேரம் பேசுங்கள்.