பிரதிநிதித் தேர்தலில் ஓட்டுப் போடுவது பெற்றோர் அல்ல

வணக்கம்ங்க. கலிஃபோர்னியா பள்ளி வாரியங்கள் சங்கத்தின் (பள்ளி மாவட்டங்களை நிர்வகிக்கும் வாரியங்களின் அமைப்பு) பிரதிநிதிப் பதவிக்கு நிற்கிறீர்கள், பெற்றோர் ஆதரவு திரட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஓட்டு பெற்றோருக்கும் இல்லை, தனி வாரிய உறுப்பினருக்கும் இல்லை; வட்டாரத்தின் ஒவ்வொரு வாரியமும் தன் கூட்டத்தில் தீர்மானித்துப் போடுவது. ஓட்டு அனுப்பும் கெடு மார்ச் 15-ஐ ஒட்டி முடியும். சில வாரியங்கள் மாதம் ஒருமுறைதான் கூடும், பிப்ரவரி நிகழ்ச்சி நிரலில் இது ஏறாவிட்டால் அந்த ஓட்டே போச்சு. அதனால் வாரியத் தலைவர்களுக்கு இப்போதே போன் போடுங்கள். பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரின் செயலரையும் விட்டுவிடாதீர்கள், நிரலைத் தயாரிப்பது பெரும்பாலும் அவர்தான். தன்விவரப் படிவத்தில் பட்டங்களை அடுக்க வேண்டாம். சிறப்புக் கல்விச் செலவுக்காக என்ன வாதாடுவீர்கள் என்று எழுதுங்கள், சின்னப் பள்ளி மாவட்டங்களை அது உண்மையிலேயே வாட்டுகிறது. சங்கத்தின் வட்டார இயக்குநர் பதவி அடுத்த கட்டம். அவரைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பிரதிநிதிகள்தான்.